ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை எவ்வளவு குறையும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற மிச்சத்தை மட்டும் விட்டுவைப்பதுதான் ஸ்லீவ் அறுவை சிகிச்சை. முடிவெடுக்கும் முன்பும், முடிந்து வீடு திரும்பிய பிறகும் மனதைக் குடையும் கேள்விகள் மூன்று: எவ்வளவு குறையும், எப்போது குறையும், குறைந்தது அப்படியே நிற்குமா? மற்ற கேள்விகள் எல்லாம் இவற்றின் கிளைகள்தான். இங்கே வரும் எண்கள் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. உங்கள் மாத்திரை, மருந்து, உணவுக் கட்டங்கள் பற்றி உங்கள் மருத்துவக் குழு சொல்வதையே கேளுங்கள்.

மொத்தம் எத்தனை கிலோ குறையும்?

கிலோவில் யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சதவீதத்தில் ஓரளவு சொல்லலாம். ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் முதல் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் ஆரம்ப எடையில் சுமார் 25 முதல் 30 சதவீதம் இழக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் பார்த்தால், கொஞ்சம் திரும்ப ஏறி, இழப்பு 20 முதல் 25 சதவீதத்துக்குள் நிற்பது வழக்கம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். முதல் ஆண்டு எண்ணைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உயரம் 165 செ.மீ., எடை 110 கிலோ. உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான பி.எம்.ஐ. 40-ஐக் கொஞ்சம் தாண்டும். 25 முதல் 30 சதவீதம் என்றால் 27 முதல் 33 கிலோ. அதாவது மிகக் குறைந்த கட்டத்தில் இவர் 77-க்கும் 83-க்கும் இடையில் எங்கோ நிற்பார். ஐந்து ஆண்டு கழித்து 83 முதல் 88 கிலோ. இதில் 85 என்று வைத்துக்கொண்டால் பி.எம்.ஐ. 31. வழக்கமான அட்டவணைப்படி இது இன்னமும் 'உடல்பருமன்' கட்டத்துக்குள்தான் வரும். ஆனால் மருத்துவக் கணக்கில் இது தோல்வியே இல்லை, நல்ல வெற்றி. 25 கிலோ போனவருக்கு முழங்கால் வலி, குறட்டை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் இறங்கியிருக்கும். 'நார்மல்' எடைக்கு வந்தே தீருவேன் என்று போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சிலர் 60, 70 சதவீதம் குறையும் என்கிறார்களே?

அவர்களும் பொய் சொல்லவில்லை. அது வேறு சதவீதம். உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 வரும் எடையைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் இருப்பதை 'கூடுதல் எடை' என்று வைத்து, அதில் எத்தனை சதவீதம் போனது என்று பார்ப்பார்கள். நாம் பார்த்தவருக்கு அந்த எடை 68 கிலோ. ஆக, கூடுதல் எடை 42 கிலோ. அதில் 60 சதவீதம் போனால் 25 கிலோ. மொத்த எடையில் கணக்குப் பார்த்தால் அதே 25 கிலோ 23 சதவீதம்தான்.

இந்தக் கணக்கு அதிக எடை உள்ளவர்களுக்கு அநியாயம் செய்யும். அதே உயரத்தில் 160 கிலோ இருக்கும் ஒருவர் 30 சதவீதம், அதாவது 48 கிலோ குறைக்கிறார் என்று வைப்போம். கூடுதல் எடைக் கணக்கில் அது 52 சதவீதம். 110 கிலோவிலிருந்து 30 கிலோ குறைத்தவருக்கு 71 சதவீதம். 48 கிலோவை இறக்கியவர் காகிதத்தில் பின்தங்கிவிடுகிறார். அதனால் யார் எந்தச் சதவீதம் சொன்னாலும், "எதில் சதவீதம்?" என்று முதலில் கேளுங்கள்.

என் எடை 150-க்கு மேல். ஸ்லீவ் மட்டும் போதுமா?

போதாமல் போகலாம். மேலே சொன்ன 160 கிலோக்காரர் 48 கிலோ குறைத்த பிறகும் 112-ல் நிற்கிறார், பி.எம்.ஐ. 41. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஸ்லீவ் தனி ஆபரேஷனாகப் பிறக்கவில்லை. இரைப்பையைச் சுருக்கிக் குடலையும் மாற்றி இணைக்கும் பெரிய ஆபரேஷனின் முதல் பாதி அது. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வது ஆபத்து என்று முதலில் ஸ்லீவை மட்டும் செய்து, எடை இறங்கிய பிறகு மீதியைச் செய்தார்கள். சிலருக்கு முதல் பாதியிலேயே நல்ல பலன் கிடைத்ததால் அது தனியாக நிலைத்தது. இன்று உலகில் அதிகம் செய்யப்படும் எடைக்குறைப்பு ஆபரேஷனும் அதுதான். ஆனால் 'சிலருக்கு' என்பதைக் கவனியுங்கள். மிக அதிக எடையில் தொடங்குபவர்கள், இரண்டாம் கட்டம் தேவைப்படுமா என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது.

ஆரம்ப எடை என்றால் எந்த நாளின் எடை?

நல்ல கேள்வி, பலரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சுமார் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். கல்லீரல் சுருங்கினால் சர்ஜனுக்குக் கேமரா வழியாக வேலை செய்ய இடம் கிடைக்கும் என்பதற்காக. அந்த இரண்டு வாரத்திலேயே சில கிலோ போய்விடும். சிலர் அதையும் சேர்த்துக் கணக்கு சொல்வார்கள், சிலர் ஆபரேஷன் அன்றைய எடையிலிருந்து சொல்வார்கள். ஒருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது இந்த வித்தியாசமே நான்கைந்து கிலோ வரலாம்.

மாதா மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை: டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அன்று எடை மெஷினில் ஏறாதீர்கள். ஏறினால் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டலாம். டிரிப்ஸில் ஏற்றிய திரவமும் வீக்கமும்தான் அது. சில நாளில் சிறுநீராகப் போய்விடும்.

அதற்குப் பிறகு வேகம் எடுக்கும். முதல் மாதத்தில் ஆரம்ப எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைவது வழக்கம். மூன்று மாத முடிவில் சுமார் 15 சதவீதம், ஆறு மாதத்தில் 20-ஐ ஒட்டி, ஓராண்டில் 25 முதல் 30. நம் 110 கிலோக்காரருக்கு இதைப் பொருத்தினால் முதல் மாதம் 8 முதல் 11 கிலோ, மூன்றாம் மாத முடிவில் 16 கிலோவைச் சுற்றி, ஆறாம் மாத முடிவில் 22-ஐச் சுற்றி.

இதில் கவனிக்க வேண்டியது வேகம் குறைவதைத்தான். முதல் மாதம் பத்து கிலோ போனவருக்கு ஏழாம் மாதத்தில் ஒன்றரை கிலோதான் போகும். அவர் எதுவும் தப்பு செய்யவில்லை. உடம்பு சிறியதாகிவிட்டதால் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறைந்துவிட்டது. அதற்கும் மேலாக, எடை இழக்கும் உடம்பு சிக்கனமாகவும் நடந்துகொள்ளும். இன்னொரு பக்கம், முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு 500 முதல் 800 கலோரியே உள்ளே போன இடத்தில் ஓராண்டில் 1,000-க்கு மேல் போகும். எரியும் கலோரியும் உள்ளே போகும் கலோரியும் ஒன்றையொன்று நெருங்கிச் சந்திக்கும் இடத்தில் எடை நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அது 12-ஆம் மாதத்துக்கும் 18-ஆம் மாதத்துக்கும் இடையில் வரும்.

மூன்றாவது வாரம். ஒரு கிராம்கூட அசையவில்லை. ஆபரேஷன் வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. இந்தத் தேக்கம் எவ்வளவு சகஜம் என்றால், செய்துகொண்டவர்கள் நடுவில் 'மூணாம் வாரத் தேக்கம்' என்றே பேச்சு உண்டு. சிலருக்கு இரண்டாம் வாரத்தில் வரும், சிலருக்கு ஐந்தாம் வாரத்தில்.

நடப்பது என்ன என்று பார்த்தால் பயம் போய்விடும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று நின்றதும் உடம்பு முதலில் கை வைப்பது இதில்தான். கிளைகோஜன் கரைய, தண்ணீரும் வெளியேற, முதல் வாரங்களில் மெஷின் மடமடவென்று இறங்கும். அப்போது எல்லாரும் ரொம்ப சந்தோஷமாக இருப்பார்கள், அதில் கணிசமான பங்கு தண்ணீர்தான் என்பதை மறந்து. திரவ உணவிலிருந்து மசித்த உணவுக்கு மாறும்போது கிளைகோஜனில் ஒரு பகுதி திரும்ப நிரம்பும், தண்ணீரும் கூடவே வந்து உட்காரும். அதே நேரத்தில் கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். போகிற கொழுப்பும் வருகிற தண்ணீரும் சமமாக இருக்கும் வரை முள் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு வாரம் நிற்கலாம், மூன்று வாரமும் நிற்கலாம். அப்புறம் ஒரு காலையில் சட்டென்று ஒன்றரை கிலோ குறைத்துக் காட்டும்.

இந்த நாட்களில் பயந்துபோய் இன்னும் குறைத்துச் சாப்பிடுவதுதான் செய்யக் கூடாத வேலை. ஏற்கெனவே குறைவாக வரும் புரதம் இன்னும் குறைந்து, கொழுப்புக்குப் பதில் தசை கரையும். மெஷினை அலமாரிக்குள் வைத்துவிட்டு, இடுப்பளவையும் பழைய பேன்ட்டையும் பாருங்கள். தேக்கம் ஆறாம் மாதத்தில் ஒரு முறை, ஒன்பதில் ஒரு முறை என்று திரும்பவும் வரும்.

அப்படியானால் தினமும் எடை பார்க்கலாமா?

வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே மெஷினில். போதும். உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும்.

என்னோடு ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்னைவிட எட்டு கிலோ அதிகம் குறைத்திருக்கிறார். ஏன்?

அவருடைய ஆரம்ப எடை என்ன? பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அதிக எடையில் தொடங்குபவர்களுக்குக் கிலோ கணக்கில் அதிகம் குறையும். வயது குறைவாக இருந்தால் வேகம் கூடும். ஆண்களுக்குத் தசை அதிகம் என்பதால் முதல் மாதங்களில் முந்திக்கொள்வார்கள். நீண்ட காலமாக டைப் 2 சர்க்கரை இருப்பவர்களுக்கு, முக்கியமாக இன்சுலின் போடுபவர்களுக்கு, இழப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகள், ஸ்டீராய்டு போன்றவை எடையைப் பிடித்து வைக்கும். மாதவிடாய் நின்றவர்கள், தைராய்டு கட்டுக்குள் இல்லாதவர்கள், இரவு ஷிஃப்டில் வேலை பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் என்று பட்டியல் நீளும். இவை எதுவும் உங்கள் மனவுறுதியைப் பற்றிய தீர்ப்பு இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சதவீதத்தை ஒப்பிடுங்கள்.

சாப்பாடு எவ்வளவு இறங்கும்? அது எப்படி இருக்கும்?

சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஸ்லீவ் முடிந்த பிறகு கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. ஆரம்ப வாரங்களில் வீக்கமும் இருப்பதால் அதுகூட இறங்காது. மசித்த முட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது ஸ்பூனில் கதை முடிந்துவிடும். வயிறு நிறைந்ததை வயிறு சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். பலருக்கு ஒரு விக்கல், ஒரு தும்மல், மூக்கில் நீர் வடிவது, நெஞ்சுக்கு நடுவில் ஓர் அழுத்தம் என்றுதான் சேதி வரும். அந்த விக்கலுக்குப் பிறகு போடும் ஒரு ஸ்பூன், பத்து நிமிடத்தில் வாஷ்பேசினுக்குத்தான் போகும். இதை ஓரிரு முறை அனுபவித்தே எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஓராண்டில் சிறு தட்டு அளவுக்கு வசதியாகச் சாப்பிட முடியும். தினம் 60 முதல் 80 கிராம் புரதம், சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவெளியில் சிறிது சிறிதாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை. இந்த மூன்றில் கடைசியைத்தான் இரண்டாம் ஆண்டில் கைவிடுகிறார்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைவது உடனே தெரியாது, தெரியும்போது ஆழமாக இருக்கும்.

பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. அதனால் முதல் மாதங்களில் பசியே தெரியாமல், மணி பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். இந்தச் சலுகை நிரந்தரம் இல்லை. ஓராண்டை ஒட்டிப் பலருக்குப் பசி திரும்புகிறது, முன்பைவிடக் குறைவாக. பசி இல்லாத அந்த மாதங்களில் பழகிய பழக்கம்தான் பிறகு கை கொடுக்கும்.

உடற்பயிற்சி செய்யாவிட்டால் குறையாதா?

முதல் ஆறு மாதத்தில் குறையும். உள்ளே போகும் கலோரி அவ்வளவு குறைவு. பயிற்சியின் பலன் தெரிவது பிற்பாடு: தசையைக் காப்பாற்றுவதிலும், குறைந்த எடையைத் தக்கவைப்பதிலும். முதல் நாளிலிருந்தே நடை, சர்ஜன் அனுமதித்த பிறகு எடை தூக்கும் பயிற்சி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நடையை அன்றாட வேலையோடு சேர்த்துவிட்டு, ஒதுக்கிய நேரத்தைத் தசைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

முடி கொட்டுகிறது. வழுக்கை ஆகிவிடுமோ?

ஆகாது. பெரிய ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் முடியின் வளர்ச்சிச் சுழற்சியைக் கலைத்துவிடும். மூன்றாம் மாதம் வாக்கில் கொட்டத் தொடங்கி, சில மாதங்களில் நின்று, திரும்ப வளரும். ஓராண்டுக்குப் பிறகும் தொடர்ந்தால் இரும்பு, துத்தநாகம், புரதம், தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும்.

தோல் தொங்குமா?

பெரும்பாலும் தொங்கும். வயிறு, மேல்கை, தொடை, மார்பு. எவ்வளவு தொங்கும் என்பதை வயது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தீர்கள், எத்தனை கிலோ குறைந்தது, புகைப்பழக்கம் உண்டா என்பவை தீர்மானிக்கும். க்ரீம் எதுவும் இதைச் சரிசெய்யாது. தசைப் பயிற்சி உள்ளிருந்து கொஞ்சம் நிரப்பும். அதிகத் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் உண்டு; எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள். முப்பது கிலோ குறைத்தவர் கண்ணாடி முன் நின்று அழுவதற்குப் பல நேரம் இந்தத் தோல்தான் காரணம், எடை இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எடை குறைந்தால் சர்க்கரை நோய் போய்விடுமா?

சிலருக்கு மாத்திரையே தேவைப்படாத அளவுக்கு இறங்கும், பலருக்கு மருந்து குறையும், சிலருக்குச் சில ஆண்டுகளில் திரும்பும். அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-ல் வெளிவந்தது. கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்ற கடுமையான இலக்கை எட்டியவர்கள் பைபாஸில் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே குடலோடு இணைக்கும் இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷன்) 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். அந்த ஆய்வில் ஸ்லீவ் செய்தவர்களின் எடை இழப்பு ஐந்தாம் ஆண்டில் 19 சதவீதம். நோய் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தால், இன்சுலின் வரை போகாமல் இருந்தால், வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. சாப்பாடு குறைந்ததும் பழைய அளவு சர்க்கரை மருந்தும் ரத்த அழுத்த மாத்திரையும் அதிகமாகிவிடும். எழுந்தால் தலைசுற்றல், வியர்த்துக் கொட்டுவது என்றால் எடை குறைவதன் அறிகுறி என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் பேசி மருந்தின் அளவை மாற்ற வேண்டும்.

குறைந்த எடை திரும்ப ஏறுமா?

ஏறும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. மிகக் குறைந்த கட்டத்திலிருந்து சில கிலோ திரும்புவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கும். அதை எதிர்பார்த்தே மேலே 'ஐந்தாம் ஆண்டு எண்' என்று தனியாகச் சொன்னேன். பின்லாந்தில் 240 பேரை வைத்து ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஸ்லீவ்பாஸ் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஐந்தாம் ஆண்டில் ஸ்லீவ் செய்தவர்கள் கூடுதல் எடையில் 49 சதவீதத்தை இழந்திருந்தார்கள், பைபாஸ் செய்தவர்கள் 57 சதவீதத்தை. பத்தாம் ஆண்டு முடிவு 2022-ல் வந்தபோது அவை 43.5, 50.7 என்று இறங்கியிருந்தன. பத்து ஆண்டு தாண்டியும் கூடுதல் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியிலேயே நிற்கிறது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் வைத்து இவ்வளவு எடையை இத்தனை காலம் விலக்கி வைப்பவர்கள் மிகச் சிலர்.

மூன்று கிலோ ஏறியதும் பதறுவதும் தப்பு, பதினைந்து ஏறும் வரை மருத்துவமனைப் பக்கம் போக வெட்கப்படுவதும் தப்பு. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. "திட்டுவார்கள்" என்று தொடர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். மிகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறி இறங்காமல் நின்றாலே போய்ப் பேசிவிடுவது சுலபமான வழி.

வயிறு மறுபடி விரிந்துவிடுமா?

பழைய அளவுக்கு விரியாது. மேல்பகுதிதான் அதிகம் விரியக்கூடியது, அது போய்விட்டது. ஆண்டுகள் போகப் போகக் குழாய் கொஞ்சம் அகலும். ஆனால் எடை ஏறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம், ஸ்லீவைத் தடையின்றித் தாண்டிப் போகும் உணவு: ஐஸ்கிரீம், மில்க் ஷேக், குளிர்பானம், சாக்லேட், வாயில் போட்டதும் கரையும் சிப்ஸ். கோழித்துண்டு நாலு வாயில் நிறுத்திவிடும். ஐஸ்கிரீம் ஒரு கப் முழுக்க வழுக்கிக்கொண்டு போகும், வயிறு ஒன்றும் சொல்லாது. நாள் முழுக்கக் கொறிப்பவர்களையும் ஸ்லீவால் தடுக்க முடியாது. மது வேறு, கலோரி ஒரு பக்கம், போதை முன்பைவிடச் சீக்கிரம் ஏறுவது இன்னொரு பக்கம்.

நெஞ்செரிச்சல் இருக்கிறது. ஸ்லீவ் செய்யலாமா?

நன்றாக யோசிக்க வேண்டிய இடம். குறுகிய குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அமிலம் மேலே வருவது கூடலாம், புதிதாகவும் தொடங்கலாம். அதே பின்லாந்து ஆய்வில் பத்தாம் ஆண்டு எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பைபாஸ் பொருத்தமாக இருக்கும் என்று சர்ஜன்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஸ்லீவ் செய்த பிறகு எரிச்சல் தாங்காமலோ எடை போதிய அளவு குறையாமலோ பைபாஸுக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. எடைக்காக மட்டும் மாற்றும்போது இரண்டாம் முறை கிடைக்கும் இழப்பு முதல் முறை அளவுக்கு இருக்காது.

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, ஆபரேஷன் எதற்கு?

ஊசி நிஜமாகவே நன்றாக வேலை செய்கிறது. செமாகுளுடைடு 2.4 மி.கி. வாரம் ஒரு முறை போட்ட பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி இழப்பு 15 சதவீதம். டிர்செபடைடு 15 மி.கி.யில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். ஸ்லீவின் எண்ணுக்கு இது பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. செமாகுளுடைடு நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். ஆபரேஷன் ஒரு முறை, திரும்பப் பெற முடியாதது. ஊசி தொடர்ந்து போட வேண்டியது, நிறுத்த முடிவது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர் முதலில் ஊசியைப் பார்ப்பது நியாயம், 45-ல் இருப்பவர் ஆபரேஷனைப் பார்ப்பது நியாயம். நடுவில் இருப்பவர்களுக்குப் பொதுப் பதில் கிடையாது. ஸ்லீவுக்குப் பிறகு ஏறிய எடையை இறக்க ஊசி கொடுப்பதும் இப்போது நடக்கிறது.

குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் இருக்கிறது.

12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் கருவுக்குத் தேவையான சத்து கிடைக்காமல் போகலாம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும் என்பதால், இதுவரை கர்ப்பம் ஆகவில்லை என்று கருத்தடை விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

சொன்ன கணக்கைவிட வேகமாகக் குறைகிறது. நல்லதுதானே?

நன்றாகச் சாப்பிட்டு, நடமாடி, தெம்பாக இருந்தால் சரி. வேகமாக இறங்கும் காலத்தில் பித்தப்பையில் கல் சேர்வது சகஜம், அதற்காகவே பல இடங்களில் ஆறு மாதம் மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பிட்டதும் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி வந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

குடிப்பதெல்லாம் வாந்தியாக வருவதால் எடை இறங்குகிறது என்றால் கதை வேறு. தையல் போட்ட குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் தயாமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளையைப் பாதிக்கும். அதை உடனே ஊசியாகக் கொடுத்தால் காப்பாற்றலாம், தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். முதல் வாரங்களில் காய்ச்சல், இதயம் படபடவென்று அடிப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி என்றால் தையலில் கசிவு இருக்கலாம். மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்லீவ் செய்து எத்தனை நாள் ஆகிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.